அரக்கு வைத்து ஒட்டிய பிடி

நம் ஆயுதச் சேகரத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று நிர்வாகி கேட்டார். ஒரு வாளின் வயதை எப்படிக் கணிப்பது, துருவை எப்படி எடுப்பது என்பதற்கெல்லாம் இப்போது நல்ல புத்தகங்கள் வந்துவிட்டன. அவை என்னைவிடத் தெளிவாகச் சொல்லும். அதனால் ஒரே ஒரு குத்துவாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கீழ்க்கூடத்தில் ஜன்னல் ஓரக் கண்ணாடிப் பெட்டியில், பாம்பு நெளிவதுபோல் அலகு வளைந்து வளைந்து போகும் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 'ஜாவா நாட்டுக் கிரிஸ். கிடைத்த இடம்: சதுரங்கப்பட்டினம்' என்று அட்டையில் இருக்கும். அந்த அட்டையை எழுதியவன் நான். அது எப்படிக் கிடைத்தது என்று எழுதவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். ஜமீன் ஒழிந்த புதிது. ஒரு ஜமீன் குடும்பம் தன் ஆயுதங்களையும், செங்கற்பட்டு ஏரிக்கரையில் இருந்த பங்களாவையும் சேர்த்துக் கொடுத்ததில் தொடங்கியது நம் சேகரம். அப்போது மொத்த ஆட்கள் நான்கு பேர். எனக்கு இருபத்தைந்து வயது. சரித்திரத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். ஊர் ஊராகப் போய் பழைய வாள், கட்டாரி, ஈட்டி எது இருந்தாலும் பார்த்து, கேட்டு, முடிந்தால் வாங்கி வருவது என் வேலை.

அந்த வேலையை நான் மிகவும் நேசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. மதுராந்தகத்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய வாளின் அலகு ஐரோப்பாவில் அடித்தது, பிடி நம் ஊர்க் கொல்லன் போட்டது. அரபு நாட்டிலிருந்து குதிரை கொண்டுவந்தவன் இடுப்பில் செருகியிருந்த வளைந்த கத்தி, திருக்கழுக்குன்றத்தில் ஒரு வீட்டில் தேங்காய் நார் உரிக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. எங்கோ பிறந்த இரும்பு எந்தக் கை மாறி எந்தக் கடல் தாண்டி இங்கே வந்தது என்று யோசித்தாலே எனக்குப் பசி மறந்துவிடும். ஒரு பொருளின் பெயர் தெரிந்துவிட்டால் அந்தப் பொருளே தெரிந்துவிட்டதாக நினைக்கிற வயது அது.

சதுரங்கப்பட்டினத்துக்கு நான் முதலில் போனது ஒரு புரட்டாசியில். ஒல்லாந்தர் கோட்டை இருந்த ஊர் ஆயிற்றே, ஏதாவது கிடைக்கும் என்று போனேன். விசாரித்ததில் ஏகாம்பரம் என்பவரைக் கைகாட்டினார்கள். சவுக்குத் தோப்பும் கொஞ்சம் மானாவாரி நிலமும் வைத்திருந்த விவசாயி. என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். வீட்டில் வயதான தாயாரும் மனைவி கன்னியம்மாவும் இருந்தார்கள்.

"கத்தி கீது சார். ஆனா விக்கிறதுக்கு இல்ல" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் ஒலாந்தாக்காரன் கப்பல்ல வேலைக்குப் போனவரு. அங்கேர்ந்து எடுத்தாந்தது. ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சு, பொட்டு வெச்சு, மறுபடியும் உள்ள வெச்சிருவோம். அம்புட்டுதான்."

கையில் தரவில்லை. தன் கையில் வைத்துக்கொண்டே உறையிலிருந்து நான்கு விரல் அளவு உருவிக் காட்டினார். அலகில் மர ரேகைபோல வெள்ளை வரிகள் ஓடின. புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்திருந்த கிரிஸ். இரண்டு மணி நேரம் கெஞ்சினேன். அவர் தாயார் மோர் கொடுத்தாரே தவிர, கத்தி கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸுக்காக டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கன்னியம்மாவின் அண்ணன், புதுப்பட்டினத்துக்காரர், பெயர் துளசிங்கம்.

"இன்னா சார், எங்க மச்சான் கத்திய பாத்துட்டு வந்தீங்களாமே? அதுல இன்னா கீது அப்படி?"

வாங்க முடியாத ஏமாற்றத்தில் இருந்தேன். யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தது. அந்த மாதிரிக் கத்தி இந்தக் கரையில் வேறு எங்கும் இல்லை, பட்டணத்து வெள்ளைக்காரத் துரைமார் பார்த்தால் கேட்டதைக் கொடுத்து வாங்குவார்கள், இவருக்கு அதன் மதிப்பு தெரியவில்லை என்றெல்லாம் கொட்டித் தீர்த்தேன். துளசிங்கம் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்றவர் வீட்டுப் பொருளின் மதிப்பை அந்த வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரிடமும் வாய் திறந்து சொல்லாதீர்கள். இது நான் உங்களுக்குச் சொல்லும் சின்ன பாடம். பெரியது இனிமேல்தான் வருகிறது.

ஏழெட்டு மாதம் கழித்து, கோடையில், போலீஸிலிருந்து ஒரு துணிப் பொட்டலம் அரக்கு முத்திரையோடு நம் சேகரத்துக்கு வந்தது. ஒரு வழக்கில் கைப்பற்றிய ஆயுதம், இது என்ன வகை, எதற்குப் பயன்படும் என்று நிபுணர் கருத்து வேண்டும், பிறகு கோர்ட்டில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று கடிதம். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே அந்தக் கிரிஸ்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த உணர்ச்சி சந்தோஷம். யாருக்கு என்ன ஆனதோ என்று தோன்றவில்லை. கடைசியில் என் கைக்கு வந்துவிட்டாயே என்றுதான் தோன்றியது.

அலகு தனியாகவும் மரப்பிடி தனியாகவும் இருந்தன. அலகின் அடியில் பிடிக்குள் நுழையும் இரும்பு முள்ளில் நைந்த துணிச் சுற்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் கண்டபடி கையாண்டதில் கழன்றுவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். நான் அதுவரை பார்த்த நம் ஊர் வாள்களிலெல்லாம் பிடியை அரக்கு ஊற்றி இறுக்கியிருப்பார்கள். இதுவும் அப்படித்தான் இருந்திருக்கும், பழைய அரக்கு உதிர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அந்தத் துணிச் சுற்றைப் பிய்த்து எறிந்தேன். அரக்கை உருக்கி ஊற்றிப் பிடியைப் பொருத்தினேன். ஒரு அரும்பொருள் இரண்டு துண்டாகக் கோர்ட்டுக்குப் போவது எனக்கு அவமானமாகப் பட்டது. அறிக்கையில் 'பிடியுடன் கூடிய குத்துவாள் ஒன்று' என்று எழுதினேன். நான் ஒட்டினேன் என்று எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. எழுத வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தெரியவில்லை.

வழக்கின் விவரம் கோர்ட் வராந்தாவில்தான் தெரிந்தது. ஏகாம்பரம் தன் மச்சான் துளசிங்கத்தைக் கத்தியால் குத்திவிட்டதாகக் குற்றச்சாட்டு. உள்ளங்கை கிழிந்து இரண்டு விரல் நிரந்தரமாக மடங்கிவிட்டது. தொடையிலும் ஆழமான காயம். சவுக்குத் தோப்பு விஷயமாகப் பேச்சு முற்றியதும் ஏகாம்பரம் உள்ளே ஓடிக் கத்தியை எடுத்துவந்து குத்தினார், தடுத்ததில் கை கிழிந்தது என்று துளசிங்கம் சொன்னார். கன்னியம்மா அப்போது கிணற்றடியில் இருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அண்ணன் ரத்தத்தில் கிடந்தார். வேறு பார்த்த சாட்சி இல்லை.

ஏகாம்பரம் சொன்னது வேறு. அன்றைக்கு மச்சான் கத்தியைக் கேட்டு வந்தார், பட்டணத்தில் விற்றுத் தருகிறேன் என்றார், மாட்டேன் என்றதும் கையிலிருந்து பிடுங்கினார். "உறையப் புடிச்சி இஸ்தாரு. உறை உருவிக்கிச்சு. வுடாம மறுபடியும் அலகையே புடிச்சி இஸ்தாரு. கத்தி கழண்டு அவரு கையோட போச்சு. மல்லாக்க வுழுந்தாரு. வுழுந்ததுல தொடையில எறங்கிடுச்சி. எங்கையில வெறும் பிடிதான் நின்னுச்சு."

இதைக் கேட்டபோதே எனக்கு டீக்கடை ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்தது. துளசிங்கத்தின் முகமும் அடையாளம் தெரிந்தது. ஆனால் என்னை அதைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை, நான் கத்தியைப் பற்றிப் பேச வந்தவன் என்று இருந்துவிட்டேன்.

கூண்டில் ஏறினேன். சர்க்கார் வக்கீல் இது என்ன என்று கேட்டதுதான் தாமதம். அலகின் நெளிவு எத்தனை, எத்தனை மடிப்பு இரும்பு, ஜாவாவில் ஆண்கள் இதை முதுகுப் பக்கம் எப்படிச் செருகுவார்கள் என்று கால் மணி நேரம் பேசினேன். வெட்டுவதற்கோ நறுக்குவதற்கோ இது ஆகாது, குத்துவதற்கென்றே செய்தது என்றேன். அந்த நாட்டிலேயே பல கிரிஸ்கள் வாழ்நாள் முழுவதும் உறையை விட்டு வெளியே வராமல் பூஜையில் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் என் பேச்சின் விறுவிறுப்பு குறையும் என்று விட்டுவிட்டேன். நீதிபதி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சபை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

பிறகு ஏகாம்பரத்தின் வக்கீல் எழுந்தார். என் வயதுதான் இருக்கும். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த அலகைப் பிடித்து இழுத்தால் பிடியிலிருந்து கழன்று வருமா?"

கத்தி என் கையில் இருந்தது. "இழுத்துப் பாருங்களேன்" என்றார் நீதிபதி. துணியைச் சுற்றி அலகைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். என் அரக்கு என்னைக் கைவிடவில்லை. அசையவில்லை.

"வரவில்லை" என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் இருந்தது. 'வரும்போது தனித்தனியாகத்தான் வந்தது, நான்தான் ஒட்டினேன்' என்ற வாக்கியம் முழுதாக என் வாய்க்குள் வந்து நின்றது. சாட்சிப் பொருளில் கைவைத்தாயா என்று கேட்பார்களே என்ற பயம் கூடவே வந்தது. எப்படியும் பழைய காலத்தில் இறுக்கித்தான் இருந்திருக்கும், நான் சொல்வது பொய் இல்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் செய்துகொண்டேன். இத்தனையும் ஒரு மூச்சு விடும் நேரத்தில். குற்றவாளிக் கூண்டிலிருந்து ஏகாம்பரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. இந்த மனுஷனுக்குத் தெரியுமே, சொல்லுவாரே என்பதுபோல.

வழக்கு கார்த்திகைவரை இழுத்தது. மூன்று வருஷம் கடுங்காவல். சர்க்கார் வசமான கத்தியை நம் சேகரத்துக்கே தர வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டேன். தந்தார்கள். நானே போய் வாங்கி வந்தேன்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் கோவளத்துக்குப் போக வேண்டி வந்தது. பினாங்கில் பல வருஷம் வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பியிருந்த ஒரு மரைக்காயர், தன்னிடம் மலாய்க் கத்திகள் இருப்பதாக எழுதியிருந்தார். மூன்று கிரிஸ்களைப் பாயில் விரித்து வைத்திருந்தார். ஒன்றை எடுத்து, பேசிக்கொண்டே, புட்டியின் மூடியைத் திருகி எடுப்பதுபோலப் பிடியைத் திருகிக் கழற்றினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உடைஞ்சிருச்சா?" என்றேன்.

அவர் சிரித்தார். "என்ன தம்பி, இது தெரியாதா? கிரிஸுக்குப் பிடியை ஒட்டவே மாட்டாங்க. முள்ளுல கொஞ்சம் துணியைச் சுத்திச் செருகி வைக்கிறதுதான். வருஷா வருஷம் கழட்டி எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவணுமில்ல? குத்துறப்போ உள்ளாறதான் இறுகும், கழலாது. எதிராளி புடிச்சி இழுத்தா கழண்டுடும்."

பிடியை மறுபடியும் செருகி, அதைப் பிடித்துக்கொண்டு அலகை என் பக்கம் நீட்டினார். இழுத்தேன். அலகு என்னோடு வந்தது. பிடி அவர் கையில் நின்றது.

அன்றைக்குக் கோவளத்திலிருந்து எப்படித் திரும்பினேன் என்று நினைவில்லை. மறுநாள் பட்டறையைச் சாத்திக்கொண்டு நம் கிரிஸின் அரக்கைச் சூடுகாட்டி எடுத்தேன். முள்ளில் துணி சுற்றிச் செருகினேன். வைக்கோல் பிரியைக் கட்டி வைத்துக் குத்திப் பார்த்தேன். பிடி கல் மாதிரி நின்றது. எழுத்தர் ஒருவரைக் கூப்பிட்டுப் பிடியைப் பிடிக்கச் சொல்லி அலகை இழுத்தேன். கழன்று வந்தது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே. ஏகாம்பரம் கோர்ட்டில் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பிடி. அதை வாயடைத்தவன் நான்.

எங்கள் மேலதிகாரியிடம் போனேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்தவர் அவர். ஒரு வாளின் முதுகை விரலால் தடவியே எந்த நாட்டு இரும்பு என்று சொல்லக்கூடியவர். பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"தீர்ப்பு ஆயாச்சு. அந்த ஆளுக்குப் பாதி தண்டனை முடிஞ்சிருக்கும். இப்போ நீ போய் நின்னா, சாட்சிப் பொருளைக் கெடுத்தவங்கன்னு நம்ம சேகரத்துக்குப் பேர் வரும். இனிமே எந்தக் கோர்ட்டும் நம்மளைக் கூப்பிடாது. சும்மா இரு."

பாதி முடியவில்லை. மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதை நான் திருத்திச் சொல்லவில்லை. அவர்மேல் பழி போட நான் இதை எழுதவில்லை. அந்தப் பதிலைக் கேட்பதற்காகவேதான் நான் அவரிடம் போனேன். உண்மையிலேயே செய்ய நினைத்திருந்தால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வக்கீல் வீட்டுக்குப் போயிருப்பேன். பத்து நிமிஷ நடை.

எட்டு மாதம் சும்மா இருந்தேன். அந்த எட்டு மாதத்தில் மதுராந்தகத்திலிருந்து இரண்டு நல்ல வாள்கள் கொண்டுவந்தேன். எனக்குக் கல்யாணம் நடந்தது. கிரிஸுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து, அந்த அட்டையையும் எழுதி வைத்தேன். வேலை நன்றாகவே நடந்தது. மனசு உறுத்தினால் மனுஷன் சாப்பிடாமல் தூங்காமல் கிடப்பான் என்று கதைகளில் எழுதுகிறார்கள். நான் சாப்பிட்டேன், தூங்கினேன். அதுதான் இப்போது நினைத்தால் அதிகமாக வலிக்கிறது.

ஆனி மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயம், ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்களை அழைத்து வந்திருந்தார்கள். நான் கூடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தேன். கிரிஸ் பெட்டிக்கு முன்னால் ஒரு பெண் கேட்டாள்.

"சார், இத்த வெச்சி யாரையாவது குத்திகீறாங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

சாதாரணமாக, யோசிக்காமல் வந்துவிட்டது. கோர்ட்டில் சொன்னபோதாவது ஒரு கணம் தயங்கினேன். இப்போது அந்தத் தயக்கம்கூட இல்லை. இன்னும் ஒரு வருஷம் போனால் நானே அதை நம்பிவிடுவேன் என்று பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்கள் வெளியே போய் வரிசையில் நிற்பதற்குள் நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு நடந்தேன்.

ஏகாம்பரத்துக்காக வாதாடிய அதே இளைஞர். நான் சொல்லி முடித்ததும் உள்ளே போய் பழைய வழக்குக் காகிதக் கட்டை எடுத்துவந்தார். சம்பவ இடத்தில் போலீஸ் எழுதிய பட்டியலைத் தேடி என் முன்னால் வைத்தார். 'அலகு ஒன்று. மரப்பிடி ஒன்று' என்று இரண்டு வரியாக எழுதியிருந்தது.

"இது என் கண்ணுலயும் பட்டுச்சு சார்" என்றார். "ஆனா கோர்ட்டுக்கு முழுசா வந்திச்சு, நீங்களும் முழுசுன்னே எழுதியிருந்தீங்க. எழுதினவர் பிரிச்சு எழுதிட்டார் போலன்னு நினைச்சிட்டேன்." தலையில் கைவைத்துக்கொண்டார். தப்பில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். அது அவருடைய நல்ல குணம். அவர் எடுத்துக்கொள்ள அதில் பாதி இல்லை, முழுவதும் என்னுடையது.

நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தோடு மனு போனது. அப்பீல் காலம் எப்போதோ தாண்டியிருந்தது. மனு மேஜை மேஜையாக நகர்ந்தது. கடைசியில் ஏகாம்பரத்தைத் தண்டனை முடிவதற்கு எட்டொன்பது மாதம் முன்னால், ஒரு மாசியில் விடுதலை செய்தார்கள். குற்றவாளி என்ற தீர்ப்பை யாரும் அழிக்கவில்லை. எனக்கு மெமோ வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. மேலதிகாரி ஓய்வு பெறும்வரை என்னோடு வேலை தவிர வேறு பேசவில்லை. இவையெல்லாம் எனக்கு நடந்தவை. கணக்கில் எடுத்துக்கொள்ளத் தேவையில்லாதவை.

பங்குனியில் நான் சதுரங்கப்பட்டினம் போனேன். ஏகாம்பரம் தோப்பில் தனியாகச் சவுக்கு மிளாறுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்றார். வக்கீல் ஏற்கெனவே ஓரளவு சொல்லியிருந்தார் போல. நான் முழுவதையும் சொன்னேன். டீக்கடையில் பேசியது, அரக்கு வைத்தது, கோவளம், எட்டு மாதம், எதையும் விடவில்லை. கத்தியைத் திருப்பித் தர மனுப் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"கத்தி வோணாம் சார். அது அங்கியே இருக்கட்டும்" என்றார். பிறகு, "ஒண்ணு செய்வீங்களா? எங்கிட்ட சொன்னத என் வூட்டுக்காரிகிட்ட வந்து சொல்லுவீங்களா? அது அண்ணன் வூட்டுலதான் கீது. ஜெயில்ல வந்து ஒரு தபாகூட பாக்கல. போய்க் கூப்பிட்டேன். 'படிச்ச ஆபீசரு கோர்ட்டுல கத்திய இஸ்துக் காட்டுனாரு, வரல. இன்னும் இன்னா பொய் சொல்ற'ன்னு கேட்டுச்சி."

புதுப்பட்டினத்துக்கு நடந்தே போனோம். துளசிங்கம் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். குரல் கேட்டுக் கன்னியம்மா வெளியே வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் நின்றபடியே சொன்னேன். கோர்ட்டில் கத்தி கழன்று வராமல் போனதற்குக் காரணம் என் அரக்கு, உங்கள் வீட்டுக்காரர் சொன்னதுதான் உண்மை என்றேன்.

கன்னியம்மா அண்ணன் பக்கம் திரும்பினாள். துளசிங்கம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"கை போச்சேம்மா. கை போன ஆத்திரம். குத்துனானான்னு கேட்டாங்க, ஆமான்னுட்டேன். அப்பாலிக்கு மாத்திச் சொல்ல முடியல."

அவள் அவரிடமிருந்து திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

போன மாதம் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் தங்கை இருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. எல்லாம் தெரிந்த ஏகாம்பரம்கூட மறுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். ஐப்பசியில" என்றேன். "வக்கீல்கிட்ட சொன்னது அதுக்கப்புறம் வந்த ஆனியில."

அவள் உதடு அசைந்தது. மாதங்களை எண்ணுகிறாள் என்று புரிந்தது.

"அந்தத் தை மாசத்துலதான் எங்க அத்த செத்துச்சி" என்றாள். "கடைசியில படுத்துக் கெடந்தப்போ ஆளனுப்பிச்சி. கன்னிம்மாவ வரச் சொல்லு, அது கையால ஒரு வாய் தண்ணி குடுத்துட்டுப் போவட்டும்னு. ரெண்டு தபா ஆளனுப்பிச்சி. எங்கண்ணன குத்துனவன பெத்தவளாச்சேன்னு நான் போவல. நீங்க கோர்ட்டுல சொன்னத நம்பித்தான் சார் போவல."

அவள் அழவில்லை. உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. துளசிங்கம் வாளியை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

அந்தச் சித்திரையில் அவள் சதுரங்கப்பட்டினத்துக்குத் திரும்பிவிட்டாள் என்று பிறகு வக்கீல் மூலம் தெரிந்தது. அதற்குமேல் எனக்குத் தெரியாது. நான் மறுபடியும் அந்தப் பக்கம் போகவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தப்பு செய்வீர்கள். கை தவறும், படிப்பு போதாமல் போகும், உடைந்து வந்ததை ஏன் உடைந்தது என்று கேட்காமல் ஒட்டி வைப்பீர்கள். அதற்கெல்லாம் மன்னிப்பு உண்டு. எனக்கும் என் அரக்கை மன்னிக்க முடிந்திருக்கிறது. ஆனால் தெரிந்த பிறகு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். யாரிடமும் யோசனை கேட்காதீர்கள். அன்று மத்தியானமே கிளம்பிப் போங்கள். நீங்கள் சும்மா இருக்கும் நாட்களில் எங்கோ ஒரு வீட்டில் யாரோ உங்கள் வார்த்தையை நம்பி ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று புதுப்பட்டினத்திலிருந்து ஏகாம்பரம் என்னைத் தனியாக அனுப்பவில்லை. ரோட்டுமேல் செங்கற்பட்டு பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் வர நேரமானது. நான் போங்கள் என்று சொல்லியும் போகாமல் பக்கத்திலேயே நின்றார். தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்தபோதுதான் வாய் திறந்தார்.

"எங்கம்மா ஆளனுப்பிச்சது எனக்கே இன்னிக்குத்தான் சார் தெரியும்."